விரிசலின் வயது: அமெரிக்காவில் வெடிவைப்புக்கு முந்தைய கட்டட ஆய்வின் வளர்ச்சி

கல் குவாரியிலோ திறந்தவெளிச் சுரங்கத்திலோ முதல் வெடி வைக்கப்படும் முன்பே, அக்கம்பக்கத்து வீடுகளின் சுவர், கூரை, அடித்தளம், கிணறு ஆகியவை எந்த நிலையில் உள்ளன என்பதைப் படமாகவும் எழுத்தாகவும் பதிந்து வைப்பது வெடிவைப்புக்கு முந்தைய ஆய்வு எனப்படுகிறது. அதிர்வை அளக்கும் கருவிகள் செம்மையுற்றதன் துணை விளைவாகவே இந்நடைமுறை வளர்ந்தது என்று கருதத் தோன்றும். அமெரிக்க வரலாற்றைத் தொடர்ந்து நோக்கினால், ஒரு விரிசல் வெடிக்கு முந்தையதா பிந்தையதா என்ற கேள்வியைக் கருவிகள் தீர்க்காமலே விட்டன என்பதும், அக்கேள்வியை வழக்குகளின் மையத்துக்குக் கொண்டுவந்தது சட்டமே என்பதும் புலப்படும்.

1849இல் நியூயார்க் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம், கால்வாய் வெட்ட வைத்த வெடியால் கற்கள் பறந்து வந்து அயலார் வீட்டைத் தாக்கிய வழக்கில், வெடி வைத்தவரின் கவனக்குறைவு மெய்ப்பிக்கப்படாவிடினும் அவர் இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்றது. ஆனால் அதே நீதிமன்றம் 1893இல், கல் எதுவும் வந்து விழாமல் அதிர்வால் மட்டுமே வீடு சேதமுற்றிருந்தால் கவனக்குறைவை மெய்ப்பித்தாக வேண்டும் என்று பிரித்துக் கூறியது. வீட்டுக்காரருக்கு இரண்டும் ஒரே இழப்புதான் என்றாலும், இந்த விசித்திரமான வேறுபாடு 1969 வரை நீடித்தது. புரூக்ளினில் சுரங்கப்பாதைப் பணிக்காக வைக்கப்பட்ட வெடியால் சேதமுற்ற ஒரு வாகனப் பணிமனை தொடர்பான வழக்கில், நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பைக் கைவிட்டது. கவனக்குறைவு பற்றிய வாதம் விலகவே, சேதத்துக்கு வெடிதான் காரணமா என்பது மட்டும் வழக்கின் உயிர்நிலையாக எஞ்சியது. சுவரின் முந்தைய நிலைக்குச் சான்று வைத்திருப்பவர் கை அதனால் ஓங்கியது.

இதற்கு இணையாக அறிவியல் வேறொரு தடத்தில் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்கச் சுரங்கப் பணியகத்தைச் சேர்ந்த தோனனும் விண்டெசும் 1942இல் வெளியிட்ட குவாரி வெடி ஆய்வு, நிலத்தின் முடுக்கத்தைச் சேதத்தின் அளவுகோலாகக் கொண்டது. 1960இல் கனடாவின் எட்வர்ட்சும் நார்த்வுட்டும், செயின்ட் லாரன்ஸ் நீர்வழித் திட்டத்துக்காக அகற்றப்படவிருந்த ஆறு வீடுகளை நோக்கி வெடிகளைப் படிப்படியாக நெருக்கி வைத்து, விரிசல் தோன்றும் எல்லையைத் தேடினர். அதிர்வின்போது மண்துகள் அசையும் உச்ச வேகமே, அதாவது உச்சத் துகள் வேகமே, பொருத்தமான அளவுகோல் என்பது இத்தகைய ஆய்வுகளால் நிலைபெற்று, நொடிக்கு 2 அங்குலம் (சுமார் 50 மி.மீ.) என்பது பாதுகாப்பு வரம்பாகப் பரவியது. 1980இல் அப்பணியகத்தின் சிஸ்கிண்ட் குழுவினர் அதிர்வெண்ணையும் கணக்கில் சேர்த்து, 40 ஹெர்ட்சுக்குக் குறைந்த அதிர்வுகளுக்கு அவ்வரம்பைக் காரைப் பூச்சுச் சுவர்களில் 0.5 அங்குலமாகவும், ஜிப்சம் பலகைச் சுவர்களில் 0.75 அங்குலமாகவும் தாழ்த்தினர்.

பணியகம் 1984இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வுதான் இங்கு மிகவும் கருதத்தக்கது. முன்னேறி வரும் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் வழியிலேயே மரச்சட்ட வீடொன்றைக் கட்டி, ஈராண்டுகள் வெடிகளின் விளைவைக் கண்காணித்த ஆய்வாளர்கள், வெப்பமும் ஈரப்பதமும் மாறுவதாலும் கதவைச் சாத்துவது போன்ற அன்றாடச் செயல்களாலும் சுவரில் எழும் திரிபு, வரம்புக்குட்பட்ட வெடியதிர்வின் திரிபை எட்டவும் மிஞ்சவும் கூடும் என்று கண்டனர். ஆகவே வெடியே இல்லாத ஊரிலும் சுவர் விரிசல் விடும். அதிர்வுமானி வேகத்தைச் சொல்லுமேயன்றி, விரிசலின் வயதைச் சொல்லாது. வெடிக்குப் பழகாத குடும்பத்தினர் முதல் அதிர்வை உணர்ந்த பிறகே சுவரை உற்றுநோக்கத் தொடங்குவதால், பழைய விரிசலும் அவர்கள் கண்ணுக்குப் புதிதாகவே தெரியும். அதனால் எழும் புகார் பொய்ப்புகார் அன்று. சுவரின் முந்தைய நிலை குறித்த பதிவு இல்லாதபோது அதனை மறுப்பதும் ஏற்பதும் ஒரே அளவுக்கு ஊகமே.

1977 ஆகஸ்டில் கையொப்பமான மேற்பரப்புச் சுரங்கக் கட்டுப்பாடு மற்றும் நிலமீட்புச் சட்டம், நிறுவனம் தன் தற்காப்புக்காகச் செய்யக்கூடிய ஒன்றை வீட்டாரின் உரிமையாக்கியது. உரிமப் பகுதியிலிருந்து அரை மைல் (சுமார் 800 மீட்டர்) தொலைவுக்குள் வசிப்பவரோ உரிமையாளரோ கேட்டால், நிறுவனம் ஆய்வு நடத்த வேண்டும். வெடிவைப்புக்குக் குறைந்தது 30 நாள் முன்பு இவ்வுரிமையை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். ஆய்வு செய்தவர் ஒப்பமிட்ட அறிக்கை, கட்டுப்பாட்டு அமைப்புக்கும் கேட்டவருக்கும் தரப்படும். அதில் உடன்படாதவர் தம் மறுப்பை விரிவாக எழுதித் தரலாம். பின்னர் வீட்டை விரிவுபடுத்தினால் புதுப்பித்த ஆய்வையும் கோரலாம். கிணறு, குழாய்வழி போன்றவற்றுக்குத் தனிக் கவனம் வேண்டும் என்று விதிகள் சொன்னாலும், அவற்றின் மதிப்பீட்டை மேற்பரப்பில் காண்பதோடும் எளிதில் கிடைக்கும் தரவுகளோடும் நிறுத்திக்கொண்டன. கிணற்று நீர் கலங்கியதாக எழும் புகார்களுக்கு இது போதிய விடையாகாது.

இச்சட்டம் நிலக்கரிச் சுரங்கங்களுக்கே உரியது. கல் குவாரிகள் மாநில விதிகளின் பொறுப்பில் விடப்பட்டன. கேட்பவருக்கே ஆய்வு என்ற ஏற்பாட்டில், அறிவிப்புக் கடிதத்தின் முக்கியத்துவத்தை உணராத வீட்டார் விடுபட்டுப்போக இடமிருந்தது. மலையுச்சிகளையே தகர்க்கும் சுரங்கமுறை எதிர்ப்பைக் கிளப்பியிருந்த மேற்கு வர்ஜீனியா, 1999இல் நிலக்கரிச் சுரங்கங்களுக்கான இப்பொறுப்பைத் திருப்பிப்போட்டது. அங்கு ஆய்வை நடத்தும் கடமை நிறுவனத்துக்கு வந்தது. வேண்டாமெனில் வீட்டாரே எழுதிக் கொடுத்து விலக வேண்டும். அவ்வாறு விலகியவர் வீட்டை விற்றுவிட்டால், வாங்கியவர் அந்த ஆய்வைத் தாமே கோரலாம்.