பெட்டிக்குள் இருப்பது யார்?



போன கிழமை, உயர்தரம் முடித்த மாணவன் ஒருவன் ஒன்லைனில் விண்ணப்பம் நிரப்பும்போது பக்கத்தில் இருந்தேன். கடைசியில் ஒரு கட்டம் வந்தது: "நான் ரோபோ அல்ல". அவனுக்குச் சிரிப்பு. "சேர், மெஷின் நம்மளப் பாத்து நீ மனிசனா எண்டு கேக்குது" என்றான்.

மனிதனா, இயந்திரமா என்ற இந்தக் குழப்பம் பழையது.

இன்றைய துருக்கியிலுள்ள தியார்பக்கிரில், அர்துக்கிய மன்னர்களிடம் பணியாற்றியவர் அல்-ஜஸரி. தான் செய்த இயந்திரங்களைப் பற்றிய நூலை 1206இல் எழுதி முடித்தார். வுழூச் செய்ய நீர் ஊற்றும் சாதனங்களும் அதில் உண்டு. கை கழுவும் மயில் ஒன்றும் உண்டு. மயிலின் அலகிலிருந்து தண்ணீர் வரும். கழுவிய தண்ணீர் கீழே சேரச் சேர உள்ளே மிதவை எழும்பும். கதவு திறந்து ஒரு பணியாள் பொம்மை சவர்க்காரத் தூளோடு வரும், பிறகு இன்னொன்று துவாயோடு வரும். பார்ப்பவருக்கு அதிசயம்தான். ஆனால் அல்-ஜஸரி எதையும் ஒளிக்கவில்லை. ஒவ்வொரு பாகமும் எப்படி வேலை செய்கிறது என்று படம் வரைந்து எழுதிவைத்தார்.

1770இல் வியன்னா அரண்மனையில் கெம்பெலன் என்பவர் காட்டியது வேறு கதை. தலைப்பாகை கட்டிய துருக்கியர் பொம்மை ஒன்று, பெரிய பெட்டிக்குப் பின்னால் இருந்து சதுரங்கம் ஆடியது. 1809இல் நெப்போலியனையே தோற்கடித்தது. இயந்திரம் யோசிக்கிறது என்று பலர் நம்பினார்கள். உண்மையில் பெட்டிக்குள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒரு மனிதர் ஒடுங்கி இருந்து ஆடினார்.

அந்தப் பொம்மையின் பெயரையே 2005இல் அமேசான் தன் ஒன்லைன் வேலைத் தளத்துக்கு வைத்தது: 'மெக்கானிக்கல் டர்க்'. இயந்திரத்தால் முடியாத சின்னச் சின்ன வேலைகளை, சில சதங்களுக்கு மனிதர்கள் செய்வார்கள். கணினிக்குப் படங்களை அடையாளம் காணப் பழக்கிய 'இமேஜ்நெட்' தொகுப்பில், 167 நாடுகளைச் சேர்ந்த சுமார் 49,000 பேர் இப்படி உழைத்தார்கள். அவர்களின் பெயர் நமக்குத் தெரியாது.

நாமும் உழைத்திருக்கிறோம். 2007இல் வந்த 'ரீகேப்ச்சா'வில் கோணலான எழுத்துகளை வாசித்துத் தட்டினோமே, அதனால்தான் பழைய பத்திரிகைகளும் புத்தகங்களும் கணினி எழுத்துக்கு மாறின. மனிதன் என்று நிரூபிக்கப் போய், கூலியில்லாமல் இயந்திரத்துக்கு வேலை செய்து கொடுத்தோம்.

இன்று நம் பிள்ளைகள் பலர் வீட்டிலிருந்தே செய்யும் ஒன்லைன் வேலை தேடுகிறார்கள். தேடட்டும், ஹலாலான உழைப்பு எதுவும் கேவலமில்லை. ஆனால் யாருக்காகச் செய்கிறோம், கூலி நியாயமானதா என்று கேட்டுவிட்டு இறங்கச் சொல்லுங்கள். மருதமுனைக் கைத்தறிச் சாறனை எடுத்தால் இது யாருடைய தறி என்று விசாரிக்கிற ஆட்கள் நாம். போனுக்குள் இருந்து பதில் வரும்போதும் அதே கேள்வியைக் கேட்போம்: இதற்குப் பின்னால் உழைத்தவர் யார், அவருக்குக் கூலி கிடைத்ததா?