பெயர்ப் பலகையும் பதிவேடும்

திருகோணமலைத் துறைமுகத்தில் வந்து தங்கும் கப்பல்களைக் கரையில் நிற்போர் இனங்காண்பதற்கு எளிய வழியொன்று உண்டு. கப்பலின் முன்புறத்தில் இருமருங்கும் அதன் பெயர் எழுதப்பட்டிருக்கும். பின்புறத்திலே பெயரோடு, அது பதிவுசெய்யப்பட்ட துறைமுகத்தின் பெயரும் காணப்படும். 1894 ஆம் ஆண்டின் பிரித்தானிய வணிகக் கப்பற் சட்டம் இதனைக் கட்டாயமாக்கியது. கடனுக்குப் பண்டம் வாங்கிய கப்பல் நங்கூரந் தூக்கிச் சென்றுவிடினும், அதன் உடைமையாளர் யார் என்பதை எந்தத் துறைமுகத்துப் பதிவேட்டிலே தேடலாம் என்பது இதனாற் புலனாகும். ஆனால், அதே கரையிலிருந்த கடைகளுக்கு அத்தகைய விதி ஏற்படுவதற்கு மேலும் இருபத்து நான்கு ஆண்டுகள் சென்றன.

பண்டைக் காலத்திலே வணிகர்தம் பெயருக்குப் பிணை நின்றது அவர்தம் குழுவேயாகும். ஐந்நூற்றுவர், நானாதேசிகள் என்று பெயர்பெற்ற வணிகர் குழுக்கள் ஈழத்தில் இயங்கியமைக்குத் திருகோணமலைக்கு வடமேற்கேயுள்ள பதவியா, வாகல்கடை ஆகிய இடங்களிற் கிடைத்த கல்வெட்டுக்கள் சான்று பகர்கின்றன. அப்பெயர்களை எந்த அரச அலுவலகமும் பதிந்து கொடுக்கவில்லை.

பின்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இலங்கையில் வட்டித் தொழிலும் வாணிகமும் நடாத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் ‘விலாசம்’ என்னும் முறையைக் கையாண்டனர். குடும்பத்தார் பெயர்களின் முதலெழுத்துக்களைக் கோத்து அமைத்ததே விலாசம். முதலாளி செட்டிநாட்டிலே இருப்பார். அவருடைய முகவர் இங்கே கடையை நடாத்துவார். அறிந்தவர்க்கு அந்த எழுத்துக்கள் ஒரு குலத்தின் நாணயத்தையே உணர்த்தின. அறியாதவர்க்கோ அவை வெறும் எழுத்துக்களே. கடையின் கடனுக்குப் பொறுப்பானவர் எவர் என்பதைப் பலகை உரைக்கவில்லை.

இக்குறையை நீக்க எழுந்த சட்டம், வணிகரின் வேண்டுகோளால் அன்றி, போரின் நெருக்கடியாற் பிறந்தது என்பது வியப்புக்குரியது. முதலாம் உலகப் போர்க் காலத்திலே, பகைநாட்டார் ஆங்கிலப் பெயர்களின் பின்னே மறைந்து வாணிகம் செய்கின்றனர் என்ற ஐயம் பிரித்தானியாவிற் பரவியது. அதன் பயனாக 1916 இல் அங்கே வியாபாரப் பெயர்ப் பதிவுச் சட்டம் நிறைவேறிற்று. அதனை அடியொற்றி, 1918 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க வியாபாரப் பெயர்கள் கட்டளைச் சட்டம் இலங்கையில் இயற்றப்பட்டது.

அச்சட்டத்தின் அடிப்படை எளியது. தம் உண்மையான பெயரிலே வணிகம் செய்பவர் அப்பெயரைப் பதியவேண்டியதில்லை. ‘கடலரசி ஸ்ரோர்ஸ்’ என்பது போன்ற புனைபெயரைப் பலகையில் எழுதுபவரோ, அதன் பின்னாலுள்ள ஆளைப் பதிவேட்டிலே வெளிப்படுத்தல் வேண்டும். முழுப்பெயர், முன்னைய பெயர் இருப்பின் அது, நாட்டினம், வதிவிடம், தொழிலின் தன்மை, கடையிருக்கும் இடம் ஆகியவை கேட்கப்பட்டன. பதிவுச் சான்றிதழ் கடையிலே பலர் காணும் இடத்தில் மாட்டப்படல் வேண்டும். பதிவேட்டையோ எவரும் சிறு கட்டணஞ் செலுத்திப் பார்வையிடலாம்.

பதியாதார் அடையும் கேடு அபராதத்தோடு முடிவதன்று. கப்பல்களுக்கு அரிசியும் காய்கறியும் கடனுக்கு வழங்கும் துறைமுக வணிகர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவர் தம் வியாபாரப் பெயரைப் பதியாது விட்டிருந்தால், அவ்வியாபாரத்தின் ஒப்பந்தங்களால் தமக்கு வரவேண்டிய பணத்துக்கு வழக்கிட்டு மீளப்பெற இயலாது. நீதிமன்றம் மனமிரங்கி நிவாரணம் அளித்தாலே வழியுண்டு. ஆயினும், அவரிடம் பணம் பெறவேண்டியவர் அவர்மீது வழக்கிடுவதற்குத் தடையில்லை. பெயரை மறைத்தவர் கடனைக் கொடுத்தாக வேண்டும். வரவைக் கேட்க முடியாது. இவ்விதியே பலரைப் பதிவாளரிடம் அழைத்து வந்தது.

எல்லாப் பெயர்களும் ஏற்கப்படுவதில்லை. பிரித்தானியர் அல்லாதார் ‘பிரிட்டிஷ்’ என்ற சொல்லைச் சூடிப் பிறரை மயக்கினால், அப்பெயரை மறுக்கும் உரிமையை 1916 ஆம் ஆண்டுச் சட்டம் பதிவாளருக்கு அளித்தது. முடியாட்சியின் நிழல் நீங்கியபின் சொற்கள் மாறின, நோக்கம் மாறவில்லை. இலங்கையின் 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி, ‘ஜனாதிபதி’, ‘தேசிய’, ‘அரச’, ‘ஸ்ரீ லங்கா’, ‘கூட்டுறவு’ முதலியவற்றைக் குறிக்கும் சொற்களை அமைச்சரின் இசைவின்றிக் கம்பனிப் பெயரிற் சேர்க்கலாகாது. முன்பே பதிவான கம்பனியொன்றின் பெயரை அப்படியே மீண்டும் சூட்டவும் இயலாது. இல்லாத அரச ஆதரவை இருப்பதாகக் காட்டும் பெயரும், பிறருடைய நற்பெயரிற் பங்கு கேட்கும் பெயரும் பொதுமக்களை ஏமாற்றுவன என்பதே இதன் கருத்து.

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள பெயர்களே இவ்வரலாற்றின் ஏடுகள் எனலாம். பிரித்தானியக் கடற்படைத் தளம் 1957 இல் இலங்கை வசமாயிற்று. நாட்டின் பெயர் 1972 இல் ஸ்ரீ லங்கா என மாறியது. ஆயினும், 1980 இல் இயங்கத் தொடங்கிய மாவாலை ‘பிரிமா சிலோன்’ என்று பழைய நாட்டுப் பெயரையே ஏந்தி நிற்கின்றது. 1982 இல் நிறுவப்பட்ட சீமெந்துக் கம்பனி, தன் ஜப்பானியக் கூட்டாளியை நினைவூட்டும் வகையில் ‘டோக்கியோ’ என்ற பெயரைக் கொண்டது. 2022 இல், சீனக்குடாவின் 61 எண்ணெய்த் தாங்கிகளை அபிவிருத்தி செய்வதற்கு இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் 51 வீதமும் லங்கா ஐ.ஓ.சி. 49 வீதமும் பங்குகொண்டு அமைத்த கம்பனியோ, ‘ட்ரிங்கோ’ என்று ஊர்ப்பெயரின் ஆங்கிலக் குறுக்கத்தைச் சூடியது.

பிரித்தானியா தன் வியாபாரப் பெயர்ப் பதிவேட்டை 1982 இல் மூடிவிட்டது. இலங்கையிலோ அம்முறை தொடர்கின்றது. மாகாண சபைகள் ஏற்பட்டபின் தனியார், பங்காளர் ஆகியோரின் வியாபாரப் பெயர்ப் பதிவு மாகாணப் பொறுப்பாகி, பிரதேச செயலகங்கள் வாயிலாக நடைபெறுகின்றது. கம்பனிகள் கொழும்பிலுள்ள கம்பனிப் பதிவாளர் நாயகத்திடம் பதியப்படுகின்றன.

பெயரிடுவோர் இரண்டினை மனங்கொள்ளல் நன்று. திருகோணமலை, திருக்கோணமலை, ட்ரிங்கோ என ஊர்ப்பெயரே பலவாறு வழங்கும் இவ்விடத்தில், சான்றிதழிலும் வங்கிக் கணக்கிலும் பற்றுச்சீட்டிலும் பெயர் ஒரே எழுத்தமைப்பில் இருத்தல் வேண்டும். மேலும், பதிந்த மாத்திரத்தால் வியாபாரப் பெயர் ஒருவருக்கே உரிய உடைமை ஆகிவிடாது. வணிகக் குறிக்குரிய பாதுகாப்பை 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் வேறாகப் பெறல் வேண்டும்.

ஆகவே, பெயர் இனிமையாக இருத்தல் மட்டும் போதாது. கடனாகப் பண்டம் கொடுத்த ஏழை வியாபாரி ஒருவர் பலகையைப் பார்த்துப் பதிவேட்டைப் புரட்டினால், அங்கே பொறுப்பேற்கும் மனிதர் ஒருவரின் பெயர் இருத்தல் வேண்டும். கப்பலின் பின்புறத்தில் எழுதப்பட்ட துறைமுகப் பெயர் செய்யும் வேலையும் அதுவேயன்றோ?