டண்ணகரம் என்றொரு பெயர் இருந்தது



எங்கள் கெடா மாநிலத்தில் வெள்ளியும் சனியும் பள்ளி விடுமுறை. ஆதலால் வாரச் சொல்வதெழுதுதல் எனக்கு எப்போதும் வியாழக்கிழமைதான். சில ஆண்டுகளுக்கு முன்பு மூன்றாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். பத்துக்கு இரண்டு, மிஞ்சிப் போனால் மூன்று. 'வன்டி' என்று எழுதுவான். 'பன்து' என்று எழுதுவான். 'கண்று' என்றும் எழுதுவான். நானும் சிவப்பு மையால் திருத்தி, பத்து முறை எழுதிவரச் சொல்லி அனுப்புவேன். அவனும் பத்து முறை எழுதி வருவான். அடுத்த வியாழன் மறுபடியும் 'வன்டி'தான்.

தேர்ச்சி அறிக்கை வாங்க அவனுடைய பாட்டி வந்தார். பாடாங் செராய்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர். தோட்டப் பள்ளியில் மூன்றாண்டு மட்டுமே படித்தவர். பேரனின் ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் டீச்சர், இப்பல்லாம் டண்ணகரம், தந்நகரம், றன்னகரம்னு சொல்லிக் குடுக்கறது இல்லீங்களா?" என்று கேட்டார்.

"மூன்று சுழி, இரண்டு சுழி என்று சொல்லித் தருகிறோம் பாட்டி" என்றேன்.

"சுழிய எண்ணி என்ன பண்றது? எங்க எதப் போடணும்னு தெரியணுமே" என்றார்.

எனக்கு முகம் சிவந்துவிட்டது. சுல்தான் அப்துல் ஹாலிம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் தொல்காப்பியத்தின் மெய்ம்மயக்கத்தைத் தேர்வுக்காக உருப்போட்டவர்களுள் நானும் ஒருத்தி. ஒரு சொல்லுக்குள் எந்த மெய்யின் பின் எந்த மெய் வரும் என்பதுதான் அதன் செய்தி. அச்செய்தியை மூன்று பெயர்களுக்குள் மடித்து வைத்திருந்தார்கள் நம் முன்னோர். டகரத்தின் முன் நிற்பது டண்ணகரம்: வண்டி. தகரத்தின் முன் நிற்பது தந்நகரம்: பந்து. றகரத்தின் முன் நிற்பது றன்னகரம்: கன்று. பெயரைச் சொன்னாலே இடம் தெரிந்துவிடும். 'மூன்று சுழி' என்பதோ உருவத்தைச் சொல்கிறதே ஒழிய, இடத்தைச் சொல்வதில்லை.

காதால் கேட்டு எழுதட்டும் என்று நாம் விட்டுவிடவும் முடியாது. இன்றைய பேச்சில் நகரமும் னகரமும் நம்மில் பெரும்பாலோருக்கு ஒரே ஒலிதான். ரகரமும் றகரமும் அவ்வாறே. ஒலி ஒன்றாகிப் பல தலைமுறை ஆகியும் எழுத்து மட்டும் பழைய வேறுபாட்டைக் காத்து வருகிறது. குழந்தை கேட்டதைக் கேட்டபடியே எழுதுகிறது. நாம் தவறு என்கிறோம்.

குழந்தையின் சுமையைக் குறைக்கும் முயற்சிகள் தமிழில் நடக்காமல் இல்லை. ஓலைச்சுவடியில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் எழுதுவோர் அதை விட்டுவிடுவர். எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒன்றுபோலவே தோன்றும்; படிப்பவரே ஊகித்துக்கொள்ள வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் தமிழகத்தில் வாழ்ந்த வீரமாமுனிவர் அவற்றைப் பிரித்துக் காட்ட வழி செய்தார். பிறகு 1935இல் பெரியார் தம் 'குடிஅரசு' இதழில் சீர்திருத்த எழுத்துகளைப் பயன்படுத்தத் தொடங்கினார். 1978 அக்டோபரில் தமிழக அரசு ஆணையிட்டது. ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகாரங்கள், ணை, லை, ளை, னை ஆகிய 13 எழுத்துகள் மற்ற எழுத்துகளின் வழிக்கு வந்தன. மலேசியாவும் சிங்கப்பூரும் பின்னர் அதனை ஏற்றுக்கொண்டன. என் பாட்டியின் கடிதங்களில் துதிக்கை தூக்கிய 'லை'யைச் சிறுவயதில் கண்டு வியந்திருக்கிறேன். இன்றைய பிள்ளைகளுக்கு அந்தச் சிரமம் இல்லை. ஆயினும் சீர்திருத்தம் கைக்கு உதவியதே தவிர, ண ந ன மயக்கத்தைத் தொடவில்லை. அங்கே நமக்கிருந்த ஒரே துணை அந்தப் பெயர்கள்தாம்.

கெடா 1909இல் சயாமிடமிருந்து பிரிட்டிஷார் பொறுப்புக்கு வந்தபின் இங்கு ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. தோட்டத்தோடு பள்ளியும் வந்தது. ஒரே அறை, ஒரே ஆசிரியர், பல வகுப்புகள் என்பதே பெரும்பாலும் நிலைமை. அங்கே வாய்விட்டு ஒப்பிப்பதுதான் பாடமுறை. அது திண்ணைப் பள்ளியின் வழி. சென்னை எழும்பூரில் 1789 முதல் ஆதரவற்ற சிறுவர் பள்ளியொன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல் பாதிரியார், இந்நாட்டுச் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு தம் பள்ளியிலும் அதைப் புகுத்தினார். 1797இல் இலண்டனில் நூலாகவும் வெளியிட்டார். வெள்ளைக்காரர் வியந்ததை நாம் 'உருப்போடுதல்' என்று ஒதுக்கிவிட்டோம். அதில் குறை உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் குறையோடு சேர்த்து டண்ணகரத்தையும் அல்லவா வீசிவிட்டோம்!

அதன்பின் என் வாரப் பட்டியலை மாற்றினேன். முன்பெல்லாம் 'பழங்கள்', 'வாகனங்கள்' என்று பொருள்வாரியாகப் பத்துச் சொல் தருவேன். எழுத்தளவில் அவற்றுக்குள் ஒரு தொடர்பும் இராது. இப்போது ஒரு வாரம் வண்டி, நண்டு, தண்டு, செண்டு. மறுவாரம் பந்து, சந்தை, தந்தம், குழந்தை. மூன்றாம் வாரம் கன்று, குன்று, மூன்று, தென்றல். எழுத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே எழுதவேண்டும். நான்காம் வாரம் மூன்றையும் கலந்து சொல்வேன். லகர ளகர ழகரத்துக்கு இப்படியொரு குறுக்குவழி கிடையாது. வாழைப்பழத்தை வீட்டில் எப்படிச் சொல்கிறோம் என்பதைப் பெற்றோர்கள்தாம் கவனிக்க வேண்டும்.

அந்த மாணவன் முதல் கலப்பு வாரத்தில் பத்துக்கு ஏழு வாங்கினான். ஏட்டைக் கொடுத்ததும் இடத்துக்குப் போகாமல் நின்றான்.

"டீச்சர், 'நண்பன்'ல டவே இல்லையே? அப்புறம் ஏன் டண்ணகரம்?"

'நண்பு', 'அன்பு' இரண்டையும் கரும்பலகையில் எழுதினேன். அடுத்த வாரப் பட்டியல் அதிலிருந்துதான் தொடங்கியது.