ப்ரொஃபெஷன்னா வேலையா, வாக்கா?

1/ மருத்துவத்தை ஒரு 'ப்ரொஃபெஷன்'னு சொல்றோம். அந்தச் சொல்லோட வேர் 'ப்ரொஃபெஸ்'ங்கிற வினைச்சொல். அதுக்கு வேலை பாக்கிறதுன்னு அர்த்தம் இல்ல, சம்பாதிக்கிறதுன்னும் இல்ல. நாலு பேர் முன்னாடி வெளிப்படையா அறிவிக்கிறதுதான் அதோட அர்த்தம். அந்தச் சொல் நடந்து வந்த பாதையைப் பத்தி ஒரு சின்ன த்ரெட்.

2/ லத்தீன்ல 'ப்ரோ'ன்னா முன்னால். 'ஃபதேரி'ன்னா ஒப்புக்கொள்வது. ரெண்டும் சேர்ந்ததுதான் 'ப்ரொஃபிதேரி'. 'கன்ஃபெஸ்' இதோட கூடப்பிறந்த சொல். இன்னும் ஆழத்துல இருக்கிற வேருக்கு 'பேசு'ன்னு அர்த்தம். பேச்சு வராத குழந்தையைக் குறிக்கிற 'இன்ஃபன்ட்' கூட அதே குடும்பம்தான்.

3/ ரோமாபுரியில தேர்தல்ல நிக்கிறவர் தன் பெயரை அதிகாரி முன்னாடி அறிவிக்கணும். அதுக்குப் பேர் 'ப்ரொஃபெஸ்ஸியோ'. கி.மு. 60-ல ஸ்பெயின்ல இருந்து வெற்றியோட திரும்பிய ஜூலியஸ் சீசருக்கு ஒரு சிக்கல். வெற்றி ஊர்வலம் வேணும்னா அதுவரைக்கும் நகர எல்லைக்கு வெளியே காத்திருக்கணும். கான்சல் பதவி வேணும்னா உள்ளே வந்து நேர்ல அறிவிக்கணும். ஆள் வராமலே அறிவிக்க அனுமதி கேட்டார். செனட்ல கேட்டோ பேசிப் பேசியே பொழுதைக் கழிச்சு அதைத் தடுத்துட்டார். சீசர் ஊர்வலத்தை விட்டுட்டு உள்ளே வந்தார். அந்த அறிவிப்புக்கு அவர் கொடுத்த விலை அது.

4/ இந்தச் சொல்லை மருத்துவத்தோட சேர்த்து எழுதின பழையவர்கள்ல ஒருத்தர், பேரரசர் கிளாடியஸ் காலத்து ரோமானிய மருத்துவர் ஸ்க்ரிபோனியஸ் லார்கஸ். கி.பி. 47 வாக்கில் எழுதிய மருந்து நூலோட முன்னுரையில அவர் சொல்றதன் சாரம் இதுதான்: எதிரியா இருந்தாலும் மருத்துவன் தீங்கான மருந்தைக் கொடுக்க மாட்டான். போர்வீரனா அவனோட சண்டை போடலாம், மருத்துவனா மட்டும் கூடாது.

5/ அப்புறம் இந்தச் சொல் கிறிஸ்தவ மடங்களுக்குள்ள போச்சு. 6-ஆம் நூற்றாண்டு பெனடிக்ட் விதிமுறைப்படி, துறவியாகிறவர் எல்லார் முன்னாடியும் வாக்குக் கொடுத்து, அதை எழுத்துலயும் பீடத்து மேல வைக்கணும். ஆங்கிலத்துக்கு 'ப்ரொஃபெஷன்' வந்தது இந்தத் துறவற வாக்குங்கிற அர்த்தத்தோடதான். இறையியல், சட்டம், மருத்துவம் மாதிரி கற்றவர் தொழிலுக்கு அது பெயரானது 16-ஆம் நூற்றாண்டுல.

6/ அறிவிக்கிறவன் எல்லாம் சொன்னபடி நடப்பானா? இல்லைல்ல. அதனாலயே 'ப்ரொஃபெஸ்' பண்றான்னா 'வெறுமனே சொல்லிக்கிறான்'ங்கிற அர்த்தமும் ஒட்டிக்கிச்சு.

7/ 1946-47ல நியூரம்பர்க்ல நடந்த மருத்துவர்கள் வழக்குல குற்றம் சாட்டப்பட்ட 23 பேர்ல 20 பேர் மருத்துவர்கள். வதைமுகாம் கைதிகள் மேல சோதனை நடத்தினதா குற்றச்சாட்டு. அவங்ககிட்ட பட்டமும் இருந்துச்சு, திறமையும் இருந்துச்சு. அடுத்து 1948-ல உலக மருத்துவச் சங்கம் ஜெனீவா பிரகடனத்தைக் கொண்டு வந்தது. நோயாளியோட இனம், மதம், அரசியல் எதுவும் மருத்துவரோட கடமைக்கு நடுவுல வரக்கூடாதுன்னு வாய்விட்டுச் சொல்ல வைக்கிற உறுதிமொழி அது.

8/ நம்ம அரசியலமைப்புச் சட்டத்தோட 25-ஆவது பிரிவுலயும் இதே வினைச்சொல் இருக்கு. விரும்பின மதத்தை வெளிப்படையா ஏற்று அறிவிக்கிற உரிமையை அது தருது. மனசுக்குள்ள நம்புறதை யாராலும் தடுக்க முடியாது. வெளிய சொல்றதுக்குத்தான் பாதுகாப்பு தேவைப்படுது.

9/ முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர்கிட்ட, வீட்டுல கூடச் சொல்லாத விஷயத்தை நோயாளி சொல்றார். எதை நம்பி? வாசல்ல தொங்குற போர்டை நம்பி. அந்த போர்டும் ஒரு அறிவிப்புதான். அதுல எழுதினபடி நாங்க நடக்கிறோமான்னு கேக்கிற உரிமை உங்களுக்கு இருக்கு மக்களே. தயங்காம கேளுங்க.