குற்றவியல் மேல்முறையீடு (இந்தியா)

விசாரணை நீதிமன்றம் தீர்ப்பளித்த குற்ற வழக்கை மேல் நீதிமன்றம் மறுபடி எடைபோடும் முறையே குற்றவியல் மேல்முறையீடு. சாட்சி கூண்டில் தடுமாறியதை மேல்முறையீட்டு நீதிபதி பார்த்ததில்லை. அவர் முன் இருப்பது வாக்குமூலமும் குறுக்கு விசாரணையும் சான்றாவணங்களும் அடங்கிய வழக்குக் கட்டுதான். அந்தக் கட்டை அவர் எந்த அளவுக்குத் தாமே படித்து முடிவெடுக்க வேண்டும் என்பதைச் சுற்றியே இதன் வரலாறு நகர்கிறது.

1861ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டமே செஷன்ஸ் தீர்ப்புகளுக்கு எதிராக மேல்முறையீட்டுக்கு வழி செய்தது. ஆண்ட இங்கிலாந்திலோ அதற்கெனத் தனி நீதிமன்றம் 1907இல்தான் சட்டமாயிற்று. 1908இல் திருநெல்வேலி செஷன்ஸ் நீதிபதி பின்ஹே, விடுதலைப் போராட்ட வீரர் வ. உ. சிதம்பரம் பிள்ளைக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் அதை வெகுவாகக் குறைத்தது. 1912 டிசம்பரில் அவர் விடுதலையானார்.

சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களில் நிலைமை வேறு. அங்கே உயர் நீதிமன்றமே ஜூரியை வைத்து நேரடியாக விசாரித்தது. அந்தத் தீர்ப்பில் சட்டப் பிழை இருந்தால் மட்டுமே ஓரளவு மறுபார்வை கிடைத்தது. ஜூரி சாட்சியத்தைத் தவறாக எடைபோட்டது என்று முறையிட இடமிருக்கவில்லை. 1943இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 411ஏ பிரிவு அந்தக் கதவைத் திறந்தது. அடுத்த ஆண்டே பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கு வந்தது. திரைப்பட நடிகர்களான எம். கே. தியாகராஜ பாகவதருக்கும் என். எஸ். கிருஷ்ணனுக்கும் 1945இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர் நீதிமன்றத்தில் முதல் மேல்முறையீடு தோற்றது. அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் அதை மீண்டும் விசாரிக்கும்படி சென்னைக்கே திருப்பி அனுப்ப, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள். அதே சாட்சியத்தை இரண்டாம் முறை படித்தபோது வேறு முடிவு பிறந்தது.

விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து அரசு முறையிடும் உரிமை 1872இல் வந்தது. அங்கும் சாட்சியத்தை முழுதாக ஆராயலாம், ஆனால் குற்றமற்றவர் என்ற அனுமானத்துக்கும் விசாரணை நீதிபதியின் கணிப்புக்கும் உரிய மதிப்புத் தர வேண்டும் என்று ஷியோ ஸ்வரூப் வழக்கில் (1934) பிரிவி கவுன்சில் வரையறுத்தது. தண்டனை பெற்றவர் செய்யும் மேல்முறையீட்டில் அவருடைய தண்டனையைக் கூட்ட முடியாது. மரண தண்டனையோ, எவரும் முறையிடாவிட்டாலும் உயர் நீதிமன்றத்தில் குறைந்தது இரு நீதிபதிகள் உறுதிசெய்தால்தான் செல்லும்.

நாட்டு விடுதலைக்குப் பின் உச்ச நீதிமன்றம் கைதியின் பக்கத்தை வலுப்படுத்தியது. தீர்ப்பின் இலவச நகலும் வழக்கறிஞர் உதவியும் மேல்முறையீட்டு உரிமையின் உறுப்புகள் என்று ஹோஸ்கோட் வழக்கில் (1978) நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதினார். வழக்கறிஞர் வரவில்லை என்பதற்காக மேல்முறையீட்டைத் தள்ளிவிடாமல், கட்டைப் படித்துத் தகுதியின் மீதே தீர்க்க வேண்டும் என்று பானி சிங் வழக்கு (1996) விதித்தது. இவற்றுள் மிகப் பெரிய பாதுகாப்பு இதுவே எனலாம்; வக்கீல் வராமல் போனாலும் ஏழைக் கைதியின் கட்டு படிக்கப்படும்.

தாமதம்தான் தீராத நோய். மேல்முறையீட்டை உரிய காலத்தில் கேட்க இயலாதபோது, வலுவான காரணம் இல்லாமல் ஆயுள் கைதியை உள்ளேயே வைத்திருக்கக் கூடாது என்றது காஷ்மீரா சிங் தீர்ப்பு (1977). 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. பிரிவு எண்கள் மாறினாலும் மேல்முறையீட்டின் கட்டமைப்பு பெரிதும் பழையதே. பிழையான வழக்குகளால் சிறையில் கழிந்த ஆண்டுகளுக்கு இழப்பீடு தரத் தனிச் சட்ட ஏற்பாடு வேண்டும் என்று சட்ட ஆணையம் தன் 277ஆவது அறிக்கையில் (2018) பரிந்துரைத்தது. புதிய சன்ஹிதாவில் அதற்கு இடம் தரப்படவில்லை.