சாவிக்கொத்தும் இரும்புப் பெட்டியும்

வீடு என்று ஒன்று இருந்தால், குழந்தைகள் தொடக்கூடாத பெட்டி ஒன்றும் அதில் இருந்தே தீரும். நம் பக்கத்துப் பழைய காரை வீடுகளில் அது இரும்புப் பெட்டியாக இருக்கும். கூடத்தை அடுத்த இருட்டறையில், சுவரோடு ஒட்டி, நாலு ஆள் சேர்ந்தாலும் அசைக்க முடியாத கனத்தில் அது உட்கார்ந்திருக்கும். வெள்ளிக்கிழமை தோறும் அதற்கு மஞ்சளும் குங்குமமும் உண்டு. சாம்பிராணிப் புகையும் உண்டு. உள்ளே இருப்பது ஒரு ஜோடி வளையலும் நாலைந்து பத்திரங்களும்தான் என்றாலும், மரியாதை என்னவோ குபேரனுடைய பொக்கிஷத்துக்கு உரியது.

பெட்டி பேசாது; ஆனால் அதன் சாவி பேசும். மாமியாரின் இடுப்பிலிருந்து மருமகளின் இடுப்புக்குச் சாவிக்கொத்து மாறுகிற நாள்தான் ஒரு குடும்பத்தில் ஆட்சி மாறுகிற நாள். கதை எழுதுகிற எங்களைப் போன்றவர்களுக்கு இது எத்தனை வசதியான சமாசாரம் என்பதை வாசகர்கள் அறிவார்கள். சாவியை ஒளித்து வைத்த மாமியார், சாவியைத் திருடிய மருமகன், சாவி இருந்தும் பெட்டியைத் திறக்க மனம் வராத விதவை என்று எத்தனையோ பேரை நாங்கள் நடமாட விட்டிருக்கிறோம். ஆனால் அந்தப் பூட்டையும் சாவியையும் செய்தவனை நாங்கள் கதைக்குள் கூப்பிட்டதே இல்லை. அவனைத் தேடிப் போனால், தமிழ்நாட்டில் அநேகமாகத் திண்டுக்கல்லில்தான் போய் நிற்க வேண்டியிருக்கும்.

திண்டுக்கல் ஊரே ஒரு பூட்டைப் போல அமைந்தது. சமவெளியின் நடுவே, திண்டைத் தூக்கி வைத்தாற்போல் ஒற்றைப் பாறை. மேற்கே கொங்கு நாட்டிலிருந்து மதுரைச் சீமைக்கு இறங்குகிறவனை மறிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை நாயக்கர்கள் அந்தப் பாறையின் மேல் கோட்டை கட்டினார்கள். 1755-இல் மைசூரின் பௌஜ்தாராக வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரக் கைவினைஞர்களின் உதவியோடு இங்கே ஓர் ஆயுதசாலை அமைத்தார். பிறகு 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையின்படி, ஹைதரின் மகன் திப்பு சுல்தான் இந்தச் சீமையை இங்கிலீஷ்காரர்களிடம் விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது. சாவி கை மாறிற்று என்று சொல்லலாம்.

பூட்டுத் தொழில் இந்த ஊரில் வேரூன்றி ஏறக்குறைய நூற்றைம்பது வருஷம் ஆகிறது என்பார்கள். சங்கரலிங்க ஆசாரி சகோதரர்கள் ஆரம்பித்து வைத்தார்கள் என்பது ஊர் வழக்கு. ஏன் இங்கே என்று கேட்டால், தண்ணீரைக் காட்டுவார்கள். அதாவது தண்ணீர் இல்லாததைக் காட்டுவார்கள். சிறுமலை ஒரு பக்கம், கொடைக்கானல் மலை ஒரு பக்கம். நடுவே வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் கலப்பைக்கு வேலை இல்லை. கலப்பைக்கு வேலை இல்லை என்றால் கொழு அடிக்கிற கொல்லனுக்கும் வேலை இல்லை. பூட்டுக்கு மழை வேண்டாம். திருடன் இருந்தால் போதும். அவன் எந்தப் பஞ்சத்திலும் குறைவதில்லை. 1875-இல் திருச்சிக்கும் மதுரைக்கும் ரயில் ஓட ஆரம்பித்ததும், வழியில் இருந்த திண்டுக்கல்லுக்கு வெளியூர்ச் சந்தையும் கைக்கு எட்டியது. நாகல் நகர், நல்லாம்பட்டி, குடைப்பாறைப்பட்டி, யாகப்பன்பட்டி என்று நகரத்திலும் சுற்று வட்டாரத்திலும் பட்டறைகள் பெருகின. வீட்டுக் கதவு, கடைக் கதவு, கோயில் உண்டியல், மேஜை இழுப்பறை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜாதிப் பூட்டு. மாங்காய் வடிவத்தில் ஒன்று உண்டு; அதற்கு மாங்காய்ப் பூட்டு என்றே பெயர். 1930-களில் பரட்டை ஆசாரி என்பவர் அதைக் கண்டுபிடித்தார் என்று சொல்லுகிறார்கள்.

பூட்டுக்குள் என்ன இருக்கிறது? பித்தளையிலோ இரும்பிலோ வெட்டிய மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். தொழிலில் அவற்றை லீவர் என்பார்கள். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு சிறு வாசல் வெட்டியிருக்கும். சாவியைத் திருப்பும்போது அதன் பற்கள் தகடுகளைத் தூக்குகின்றன. எல்லா வாசல்களும் ஒரே நேர்கோட்டில் வந்து நின்றால்தான் உள்ளே இருக்கும் நாக்கு நகரும். ஒரு தகடு மயிரிழை குறைவாக எழும்பினாலும் நகராது. மயிரிழை அதிகமாக எழும்பினாலும் நகராது. இந்த இரட்டைக் கட்டுப்பாட்டுக்கு 1778-இல் இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் என்பவர் உரிமை பெற்றார். 1818-இல் ஜெரமியா சப் அதில் இன்னொரு தந்திரம் சேர்த்தார். யாராவது கள்ளச் சாவி போட்டு ஒரு தகட்டை அளவுக்கு மேல் தூக்கிவிட்டால், பூட்டு அப்படியே இறுகிக்கொள்ளும். சொந்தக்காரர் வந்து தம் சாவியைப் போட்டதும், யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். பூட்டு செய்வதில் கைதேர்ந்த ஒரு கைதியிடம் அதைக் கொடுத்து, திறந்தால் விடுதலை என்று சொன்னார்களாம். இரண்டு மூன்று மாதம் மல்லுக்கட்டிவிட்டு அவன் கையை விரித்துவிட்டான். ஆனால் 1851-இல் லண்டன் மகா கண்காட்சிக்கு வந்த ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், எல்லோரும் பார்த்திருக்க அதே ஜாதிப் பூட்டை அரை மணிக்குள் திறந்து காட்டினார்! அன்று லண்டன் தனவந்தர்களுக்குத் தூக்கம் வந்திருக்காது.

திண்டுக்கல் ஆசாரிக்கு இந்தச் சரித்திரமெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவருக்கு அரம் தெரியும். சாவியின் பல்லுக்குத் தக்கபடி ஒவ்வொரு தகட்டையும் தேய்த்து, போட்டுப் பார்த்து, எடுத்து, மறுபடி தேய்த்துப் பொருத்துகிறார். கையால் தேய்ப்பதில் ஒரு பூட்டைப் போல மற்றொன்று அமைவது அரிது. எந்தத் தொழிலிலும் இதைக் குறை என்பார்கள். இந்தத் தொழிலில் இதுதான் சரக்கு.

இரும்புப் பெட்டி இந்த வித்தையின் பெரிய வடிவம். கனத்த தகடுகளை மடித்து, ஆணி அடித்து, மூலைகளைப் பட்டைகளால் இறுக்குகிறார்கள். பெரிய பெட்டி என்றால் கதவிலிருந்து நாலு பக்கமும் தண்டுகள் புறப்பட்டுச் சட்டத்துக்குள் போய் மாட்டிக்கொள்ளும். நெருப்புக்குத் தாங்க வேண்டுமானால் இரண்டு சுவராகச் செய்து நடுவே படிகாரம் போன்ற சரக்கை அடைக்கிற முறை ஒன்று உண்டு. தீப் பிடித்தால் அந்தச் சரக்கிலுள்ள ஈரம் ஆவியாகி, உள்ளே இருக்கும் காகிதத்தைக் காப்பாற்றும். இத்தனையும் செய்துவிட்டு, முகப்பில் ஒரு கஜலக்ஷ்மி, பித்தளைக் குமிழ்கள், பூ வேலை. அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். சில பெட்டிகளில் அந்தக் குமிழ்களில் ஒன்றை நகர்த்தினால்தான் சாவித் துவாரமே கண்ணுக்குத் தெரியும். அழகும் ஒரு காவல்காரன்.

சுவீடன் தேசத்தில் இரும்புக்குப் பஞ்சமில்லை. அங்கே கிறிஸ்டோபர் போல்ஹெம் என்ற மேதை 1700-ஆம் ஆண்டு வாக்கில் ஷேர்ன்சுண்ட் என்ற இடத்தில் ஒரு தொழிற்சாலை வைத்தார். தண்ணீர் விசையால் சக்கரங்களை ஓட்டி, மனிதக் கை செய்கிற வேலையைக் கூடியவரை யந்திரத்துக்கு விட வேண்டும் என்பது அவருடைய கனவு. அவர் பெயரால் வழங்கும் பூட்டில் வட்டத் தகடுகள் சாவியோடு சுழன்று வரிசைக்கு வரும். 1737-இல் தீ விபத்தில் அந்தத் தொழிற்சாலையின் பெரும் பகுதி அழிந்தது. ஆனால் கனவு எரியவில்லை. ஒரே அச்சில் ஆயிரம் பூட்டு என்ற அந்தக் கனவுதான் பின்னால் உலகத்தை வென்றது. நம் நாட்டில் பம்பாயில் அர்தேஷிர் கோத்ரெஜ் 1897-இல் பூட்டுத் தொழில் தொடங்கினார். அதைத் தொடர்ந்து இரும்புப் பெட்டி, அப்புறம் எஃகு பீரோ. கல்யாணச் சீர்வரிசையில் பீரோ ஏறியது. இருட்டறைப் பெட்டி இருட்டிலேயே நின்றுவிட்டது. வடக்கே அலிகாரிலிருந்து யந்திரப் பூட்டு மலிவாக வந்து குவிந்தது. திண்டுக்கல்காரர்களும் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பூட்டோடு எஃகுச் சாமான்களும் செய்து பார்த்தார்கள். ஆனால் விலையில் யந்திரத்தோடு கை போட்டி போட முடியுமா?

ஒரு முதிய ஆசாரியிடம், "நீங்கள் செய்த பூட்டைச் சாவி இல்லாமல் உங்களால் திறக்க முடியுமா?" என்று ஒரு முறை கேட்டேன்.

அரத்தை நிறுத்தாமலே பதில் சொன்னார்: "முடியுங்க. அதனாலதான் பூட்டுக்காரன் யோக்கியனா இருக்கணும்னு எங்க அய்யா சொல்லுவாரு."

"உங்கள் பையன் இந்த வேலை பார்க்கிறானா?"

"திருப்பூர்ல இருக்கான், பனியன் கம்பெனியில. மாசம் பொறந்தா சம்பளம். இதைக் கத்துக்க அஞ்சாறு வருஷம் ஆகுமே. அதுவரைக்கும் அவனுக்கு யாரு சோறு போடுறது?"

இந்தக் கேள்விக்குப் பட்டறையில் இருந்த யாரும் பதில் சொல்லவில்லை. என்னிடமும் பதில் இல்லை.

2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பழநிப் பஞ்சாமிர்தத்துக்கும் கண்டாங்கிச் சேலைக்கும் அதே வருஷம்தான். இனி வேறு ஊர்க்காரன் தன் பூட்டைத் திண்டுக்கல் பூட்டு என்று சொல்லி விற்க முடியாது. நல்ல காரியம், சந்தேகமில்லை. ஆனால் குறியீடு பெயரைத்தான் காப்பாற்றும். பெயருக்குப் பின்னால் இருக்கிற கையைக் காப்பாற்ற, பூட்டு வாங்குகிறவர் பத்து ரூபாய் கூடக் கொடுக்க வேண்டும். பையன் கற்றுக்கொள்கிற ஐந்து வருஷத்துக்கு யாராவது சோறு போட வேண்டும். இரண்டும் சட்டத்தால் நடக்கிற காரியங்கள் அல்ல.

இதனால் நமக்கு என்ன நஷ்டம் என்று சிலர் நினைக்கலாம். பழைய வீடுகளில் சாவி தொலைந்த பெட்டிகள் இன்னும் எத்தனையோ இருக்கின்றன. பாட்டி எங்கே வைத்தாள் என்று சொல்லாமலே போய்விட்டாள். பெட்டி மூடியது மூடியபடி நிற்கிறது. இன்றைக்கு ஆள் அனுப்பினால், ஒரு கிழவர் சின்னப் பையோடு வருவார். துவாரத்தில் காதை வைத்துக் கேட்பார். கம்பியை விட்டு ஒவ்வொரு தகடாகத் தூக்கிப் பார்ப்பார். மத்தியானத்துக்குள் பெட்டி திறந்துவிடும். ஒரு கீறல் விழாது. உள்ளே இருப்பதை அவர் திரும்பியும் பார்க்க மாட்டார். கூலியை வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

அவருக்குப் பிறகு கூப்பிட ஆள் இருக்காது. காஸ் வைத்து வெட்டுகிறவன்தான் வருவான். அவனும் திறந்து கொடுப்பான். ஆனால் அதற்கப்புறம் அது பெட்டியாக இராது, பழைய இரும்பாகத்தான் இருக்கும்.