ஜஸ்ட் ஃபோன்டேன்

மொராக்கோ தேசத்து மராகேஷ் நகரில் 1933-ஆம் வருஷம் ஜனித்த ஜஸ்ட் ஃபோன்டேன், பிரெஞ்சுக் கால்பந்துக் கோஷ்டியின் முன்னணி ஆட்டக்காரராய் விளங்கினவர். 1958-இல் ஸ்வீடனில் நடந்த உலகக் கோப்பைப் பந்தயத்தில், சகா ஒருவரிடம் இரவல் பெற்ற பூட்ஸை அணிந்து, ஆறு ஆட்டங்களில் 13 கோல்கள் போட்டார். பின்னர் இருமுறை கால் முறிந்து, 1962-இல், 28-ஆம் பிராயத்திலேயே ஆட்டத்தை விட நேர்ந்தது.

இவற்றினும் சங்க அங்கத்தினராகிய நாம் கவனிக்கத்தக்க விஷயம் வேறொன்றுண்டு. அக்காலத்துப் பிரெஞ்சு ஆட்டக்காரன் 35 வயதுவரை ஒரே கிளப்புக்குக் கட்டுண்டவன். அவனை வைத்திருப்பதும் விற்பதும் கிளப்பாரின் இஷ்டம். புகழ்பெற்றவனுக்கும் கதி அதுவே. இதை எதிர்க்க 1961-இல் ஆட்டக்காரர் சங்கம் ஸ்தாபிதமானபோது முதல் அக்கிராசனராய் அமர்ந்தவர் ஃபோன்டேனே. காலவரையறையுள்ள ஒப்பந்தம் 1969-இல்தான் கிட்டியது. அப்பொழுது அவர் ஆட்டத்தை விட்டு ஏழு வருஷமாகியிருந்தது.